பானையின் அடியில் இருந்த மாவு

அன்புள்ள மகனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகமாயிருக்கிறேன். வேலை போய் மூன்று மாதமாகிறது என்றும், இரவில் தூக்கம் பிடிக்கவில்லை என்றும், எவ்வளவு ஜெபித்தும் வழி திறக்கவில்லையே என்றும் நீ சொன்ன நாள் முதல், வேதத்தில் முதலாம் இராஜாக்கள் 17ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

தேவன் போகச் சொன்ன கேரீத் ஆற்றண்டையில்தான் தீர்க்கதரிசியாகிய எலியா தங்கியிருந்தார். காகங்கள் காலையிலும் மாலையிலும் அவருக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன. ஆனாலும் மழை இல்லாததால் அந்த ஆறு வற்றிப்போயிற்று. கீழ்ப்படிந்து போனவருடைய ஆறும் வற்றியது, மகனே. வேலை போனதை உன் விசுவாசக் குறைவுக்குக் கிடைத்த தண்டனையாக நீ எண்ணி வருந்துவதுபோல் எனக்குத் தோன்றுவதால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

அதன்பின் தேவன் அவரை அனுப்பிய இடம் சீதோனுக்கடுத்த சாறிபாத்; இன்றைய லெபனான் கடற்கரையில் சீதோனுக்கும் தீருவுக்கும் நடுவே இருந்த ஊர். இஸ்ரவேலின் ராணியாயிருந்த யேசபேலின் தகப்பனாகிய ஏத்பாகால் ஆண்ட, பாகால் என்னும் அந்நிய தெய்வத்தை வணங்கிய தேசம் அது. அங்கே ஊர் வாசலில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு விதவையிடம் ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும் மட்டுமே இருந்தன. அதைச் சுட்டு மகனோடு சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போவதாக அவள் சொல்லுகிறாள். முதலில் எனக்கு ஒரு சிறிய அடை செய்துகொடு, கர்த்தர் மழை பெய்யப்பண்ணும் நாள்வரை உன் பானையில் மா செலவழிந்துபோகாது என்று எலியா சொன்னார்; அவளும் அப்படியே செய்தாள்.

உன் அப்பா காலமான வருஷம், அரிசிப் பானைக்குள் விடும் ஆழாக்கு அடியில் உரசுகிற சத்தம் உன் காதில் விழக்கூடாதென்று நான் கையாலேயே அள்ளுவேன். அதனால் அந்தப் பெண்ணின் விரல்கள் பானையின் அடியைத் தொட்ட விதம் எனக்குத் தெரியும். அவளுடைய பானை நிரம்பிற்று என்று வேதம் சொல்லவில்லை. மா செலவழிந்துபோகவில்லை என்று மட்டுமே சொல்லுகிறது. அப்படியானால் மழை பெய்யும்வரை ஒவ்வொரு காலையிலும் அவள் அடியைப் பார்த்துக்கொண்டேதான் மாவை அள்ளியிருப்பாள் என்று நினைக்கிறேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு 40 வருஷமும் மன்னா என்னும் வானத்து அப்பம் அப்படித்தான் கிடைத்தது: ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, அன்றன்றைக்கு. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பாய்ச் சேர்க்கலாம். மற்ற நாளில் மீத்து வைத்தால் புழுத்து நாறியது. அடுத்த வருஷத்து வாடகையை இன்றிரவே கணக்குப் போட்டு நீ தூக்கத்தை இழப்பதுதான் என்னை வருத்துகிறது.

மா குறையாத அதே வீட்டில்தான் அவளுடைய மகன் வியாதிப்பட்டு மூச்சற்றுப்போனான் என்பதையும் நான் மறைக்கமாட்டேன். அவள் எலியாவிடம் மனம் கசந்து பேசினாள், எலியாவும் தேவனிடம் முறையிட்டார், பிள்ளை பிழைத்தான். ஆகவே உன் ஜெபத்தில் கசப்பு கலந்திருந்தால் அதற்காக ஜெபத்தை நிறுத்தாதே.

எலியாவைப் பராமரிக்கும்படி தேவன் கட்டளையிட்டது, தனக்கே ஒரு வேளைக்குமேல் இல்லாதிருந்த அந்த விதவைக்குத்தான். இந்த மாத வாடகைக்கான தொகையை என் பென்ஷனிலிருந்து உன் கணக்கில் போட்டிருக்கிறேன். உங்களுக்கே போதாதே என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதே. சனிக்கிழமை இரவு கூப்பிடு. என்ன சாப்பிட்டாய் என்பதை முதலில் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா