செந்தூலுக்குத் திரும்பிவிட்டோம்: எல்லோருக்கும் எங்கள் நன்றி

அன்புள்ள பிளாட் உறவுகளுக்கும், எங்களுக்காக ஓடியாடிய அனைவருக்கும் வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலில் நம் பழைய பிளாட்டை இடித்துக் கட்டிய புது வீட்டின் சாவி கைக்கு வந்து, பால் காய்ச்சி, சாமான்களை ஓரளவுக்கு அடுக்கியும் முடித்துவிட்டோம். நேரில் பார்த்தவர்களிடம் வாயாரச் சொல்லியாயிற்று. ஆனால் பலரை இன்னும் பார்க்க முடியவில்லை. சிலர் செய்த உதவி பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. அது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் செயலாளர் அண்ணனுக்கு. பழைய பிளாட் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஐந்து மாடி, லிப்ட் கிடையாது. சிமெண்டுக்குள் இருந்த கம்பி துருவேறி உப்பி, பூச்சைப் பிளந்துகொண்டு, கார் நிறுத்தும் இடத்தில் கட்டி கட்டியாக விழத் தொடங்கிய பிறகுதான் இடித்துக் கட்டும் பேச்சே வந்தது. பேச்சு வந்தால் மட்டும் போதுமா? 1985ஆம் ஆண்டு ஸ்திராத்தா (அடுக்குமாடி வீட்டு) உரிமைச் சட்டப்படி, அதற்கு எல்லா உரிமையாளர்களும் சம்மதிக்க வேண்டும். ஒரே ஒருவர் மாட்டேன் என்றாலும் அதோடு சரி. அண்ணன் வேலை முடிந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் படியேறுவார். ஒரு கையில் கோப்பு, ஒரு கையில் டார்ச் லைட். மூன்றாவது மாடியில் விளக்கு எரியாது என்று அவருக்குத் தெரியும்.

நாலாவது மாடிப் பாட்டிதான் கடைசிவரை தயங்கினார். “போனா திரும்பி வர விடுவாங்களா தம்பி?” என்பது ஒன்றுதான் அவர் கேள்வி. அண்ணன் அவசரப்படுத்தவில்லை. பாட்டியையும் இன்னும் சில பெரியவர்களையும் தம் காரிலேயே சுங்கை பீசிக்கு அழைத்துப் போனார். அங்கே 1967இல் கட்டிய ரசாக் மேன்ஷனில் 658 வீடுகள். அந்த மக்களுக்குப் புதுக் கட்டடத்தை முதலில் எழுப்பிக் கொடுத்து, அவர்கள் குடிபோன பிறகே பழையதை இடித்தார்கள். பாட்டி அங்கே ஒரு வீட்டுக்குள் போய் அடுப்படியைப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், அந்த வீட்டு அம்மாவிடம் வெகுநேரம் பேசினார். நமக்குப் பக்கத்தில் காலி நிலம் இல்லை, நாம் வெளியே வாடகைக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும் என்பதையும் அண்ணன் மறைக்காமல் சொன்னார். மறுநாள் பாட்டி கைநாட்டு வைத்தார்.

2025இல் நாடாளுமன்றத்துக்கு வந்த நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா, 30 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 75 விழுக்காடு சம்மதம் போதும் என்றது. அதைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். எனக்குப் பாட்டியின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. எல்லோரும் கையெழுத்துப் போட்டதால்தான் இன்று மனத்தாங்கல் இல்லாமல் ஒரே லிப்டில் ஏறி இறங்குகிறோம். அந்தச் சிரமம் வீண் போகவில்லை என்றே நம்புகிறேன்.

அடுத்து, இரண்டாவது மாடி வழக்கறிஞர் தங்கைக்கு. எங்கள் வீடு அப்பா காலமாகிப் பல வருடம் ஆகியும் அவர் பெயரிலேயே இருந்தது. எங்களைப் போல இன்னும் எத்தனையோ குடும்பங்கள். பூசாக்கா (இறந்தவர் சொத்தை வாரிசுக்கு மாற்றும்) மனு, இறப்புச் சான்றிதழ், அண்ணன் தம்பிகளின் சம்மதக் கடிதம், விசாரணை நாள் என்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் எந்தக் காகிதம் குறைகிறது என்று எழுதிக் கொடுத்தார். ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை. அம்மா கொண்டுபோன தேநீரை மட்டும் குடிப்பார்.

வீட்டைக் காலி செய்த வாரம் லோரி கொடுத்துதவிய சீன அங்கிளை எப்படி மறக்க முடியும்? எங்கள் சாமி மேடையைத் தம் வீட்டுப் போர்வையில் சுற்றி, சீட்டுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, பத்துமலை வரை மெதுவாக ஓட்டி வந்தார். பின்னால் ஹாரன் அடித்தவர்களை அவர் சட்டை செய்யவே இல்லை.

நுழைவாயில் மரத்தடிப் பிள்ளையாரை என்ன செய்வது என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது. முறைப்படி பாலாலயம் செய்து, ஜாலான் ஈப்போ பக்கம் தம் கோயிலிலேயே இடம் கொடுத்து, ஒரு நாளும் விளக்கேற்றாமல் விடாத குருக்கள் ஐயாவுக்கு எங்கள் வணக்கம். செவ்வாய் வெள்ளியில் பழைய பிளாட்காரர்கள் அங்கேதான் சந்தித்துக்கொண்டோம்.

செலாயாங், கோம்பாக், ரவாங் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். பிள்ளைகள் பள்ளி மாறக் கூடாது என்று நினைத்தோம். எங்கள் மகள் பத்துமலையில் கொமுட்டர் ஏறி செந்தூலில் இறங்குவாள். ஸ்டேஷனில் அவளையும் மற்றப் பிள்ளைகளையும் காத்திருந்து அழைத்துப்போன வேன்கார அண்ணனுக்கு நன்றி. ரயில் தாமதமானால் பள்ளிக்குப் போன் போட்டுச் சொல்வதும் அவரே.

பிறகு 2020 மார்ச் 18, கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. கட்டுமானம் நின்றது. மேம்பாட்டு நிறுவனத்திடமிருந்து வர வேண்டிய வாடகைப் பணமும் சில மாதம் வரவில்லை. அந்த மாதங்கள்தான் எங்களுக்கு மிகவும் கஷ்டமானவை. இரண்டு வீட்டுச் செலவைத் தாங்கும் சம்பளம் யாருக்கும் இல்லை. பத்துமலை வீட்டுக்காரம்மா வாடகையைப் பாதியாக்கினார். மீதியைப் பிறகும் கேட்கவில்லை. கீழ் வீட்டு மாச்சிக் (மலாய் அம்மா), தமக்கே வருமானம் இல்லாத நேரத்தில், பழைய பிளாட்டில் யார் யாருக்கு அரிசி தேவை என்று பட்டியல் எடுத்து, மகன் மோட்டார் சைக்கிளில் அனுப்பிவைத்தார். அந்தப் பட்டியலில் இன மத வேறுபாடு எதுவும் இல்லை.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவை அணையாமல் காத்த ஆசிரியைக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். வதந்தி வந்தால் உடனே விசாரித்து உண்மையைப் போடுவார். யாரையும் குழுவை விட்டுப் போக விடவில்லை. அப்புறம், வேலை மறுபடி தொடங்கியதும், வேலியோரம் வந்து நின்ற நம் பெரியவர்களுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்து, இன்று எந்த மாடி எழும்பியது என்று அரைகுறை மலாயில் பொறுமையாகச் சொன்ன நேப்பாளக் காவலாளித் தம்பி இப்போது ஊருக்குப் போய்விட்டார். அவருக்கு இதை யாராவது படித்துக் காட்டினால் மகிழ்வேன்.

நாலாவது மாடிப் பாட்டிக்கு இப்போது பதினோராவது மாடி. லிப்ட் பொத்தான் எட்டவில்லை என்று யாராவது ஒரு பிள்ளை கூடவே போகிறது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பழுது சரிசெய்யும் காலம் சாவி வாங்கியதிலிருந்து 24 மாதம்தான். சுவர் விரிசல், குளியலறைக் கசிவு இருந்தால் படம் எடுத்து எழுத்தில் கொடுத்துவிடுங்கள். படிவம் நிரப்பத் தெரியாத பெரியவர்களுக்கு நானும் என் கணவரும் உதவுகிறோம். எப்போது வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம்.

வரும் ஞாயிறு மதியம் கீழ்த்தள மண்டபத்தில் சாப்பாடு. சைவச் சமையல்தான், எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பதால். வீட்டுக்காரம்மா, குருக்கள் ஐயா, வேன்கார அண்ணன், நீங்களும் அவசியம் வர வேண்டும்.

நன்றியுடன்,
பி பிளாக், ஏழாவது மாடிக் குடும்பம்