கொடுத்துவிட வேண்டிய படம்: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

மூதூர்ப் பக்கம் போய் ஆட்களை இன்ஸ்ராக்ஸில், அதுதான் எடுத்த உடனே படத்தைத் தாளில் தரும் கமராவில், படம் பிடித்து, எல்லாவற்றையும் சேர்த்துத் திருகோணமலையில் ஒரு கண்காட்சி வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். படத்துக்கு நின்றவர்கள் அதைக் கேட்டால் என்ன சொல்வது, கொடுத்துவிட்டால் கண்காட்சிக்கு என்னதான் மிஞ்சும் என்றும் கேட்டிருந்தாய்.

கொடுத்துவிடு பிள்ளை. ஏன் என்று விளக்க வட்ஸப் போதாது, அதனால் இங்கே எழுதுகிறேன். உன்னைப் போல் புதிதாகக் கமரா வாங்கியிருக்கிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

இந்த உடனடிப் படம் எப்படித் தொடங்கியது தெரியுமா? 1943இல் எட்வின் லாண்ட் என்ற அமெரிக்கர் சாந்தா ஃபேயில் விடுமுறையில் இருந்தபோது தன் மகளைப் படம் பிடித்தார். அவளுக்கு மூன்று வயது. எடுத்த படத்தை ஏன் இப்பவே பார்க்க முடியாது என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தவர் 1947இல் தன் முறையை எல்லோருக்கும் செய்து காட்டினார். அடுத்த வருடம் அவருடைய கம்பனியான போலரொய்டின் முதல் கமரா கடைக்கு வந்தது. கேட்டவள் கமராவுக்கு முன்னால் நின்ற பிள்ளை என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். படத்தில் இருப்பவருக்குக் காட்டுவதற்கென்றே பிறந்த கலை இது.

அது வேலை செய்யும் விதமும் அப்படித்தான். தாளின் ஓரத்தில் ஒரு சின்னப் பை, அதற்குள் பசை போன்ற இரசாயனம். தாள் வெளியே வரும்போது கமராவில் உள்ள உருளைகள் பையை நசுக்கி அதை உள்ளே பரப்பிவிடும். எல்லாம் ஒரே தாளுக்குள் நடந்து முடிவதால், பிறகு இன்னொரு பிரிண்ட் போட நெகடிவ் என்று தனியாக எதுவும் கையில் இருக்காது. ஸ்கான் செய்யலாம்தான். ஆனால் அந்த மனிதருக்கு முன்னால் இருந்த வெளிச்சம் பட்ட தாள் அது ஒன்றுதான். அந்த ஒன்று யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் நீ கேட்ட கேள்வி.

நான் பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு ஸ்ரூடியோவில் வேலை பழகியது உனக்குத் தெரியும். அங்கே நெகடிவ்களைக் கவரில் போட்டு, இலக்கமிட்டு, பிஸ்கற் ரின்களில் அடுக்கி வைப்போம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு திருக்கடலூரிலிருந்தும் சல்லியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முகாமில் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நின்ற சனம். நேரம் கிடைத்ததும் நடந்து வந்து, "தம்பி, எங்கட மகளின்ட சாமத்திய வீட்டுப் படம் இங்கதான் எடுத்தது, நெகடிவ் இருக்குமா?" என்று கேட்டார்கள். திகதி தெரியாது. எந்த வருடம் என்பதும் நிச்சயமில்லை. மாரிமழைக்கு முதல், தம்பி பிறந்ததற்குப் பிறகு என்று சொல்வார்கள். நாங்கள் ரின் ரின்னாகத் திறந்து, நெகடிவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் தேடினோம். நெகடிவில் முடி வெளுத்தும் பல் கறுத்தும்தான் இருக்கும், பழகாத கண்ணுக்கு ஆள் பிடிபடாது. ஆனால் தாய்மார் எங்களுக்கு முன்பே விரலை வைத்துவிடுவார்கள்.

கிடைத்தவர்களுக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். கிடைக்காதவர்கள் அடையாள அட்டையில் இருந்த முகத்தையாவது பெரிதாக்கித் தரச் சொன்னார்கள். நனைந்த அல்பத்தை அப்படியே தூக்கி வந்தவர்களும் இருந்தார்கள். போட்டோத் தாளின் மேற்பூச்சு ஜெலட்டின். தண்ணீரில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிக்கும்போது முகம் உரிந்து வந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் வைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்த வேண்டும். வீட்டில் எல்லோரும் அறிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் இது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம்கூட ஆகவில்லை, 2006இல் மூதூரிலும் சம்பூரிலும் சண்டை. சனம் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டது. நீ போகப்போவது அந்த வீடுகளுக்குத்தான். போனதும் சுவரைப் பார். பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படம் தொங்கும். அந்தப் பிள்ளையின் அம்மம்மா இளமையில் எப்படி இருந்தாள் என்று காட்ட அநேகமான வீடுகளில் ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் அம்மம்மாவைப் படம் பிடித்து, அவளுக்கு முன்னாலேயே அது தெளிந்து வருவதைக் காட்டிவிட்டு, பிறகு அதை உன் பையில் போட்டுக்கொண்டு வருவது எப்படி, சொல்லு?

கொடுத்துவிட்டால் அது கலையா, சேவையா என்று நீ யோசிப்பாய். என்னைக் கேட்டால் இரண்டையும் பிரிக்கத் தேவையில்லை. வோக்கர் எவன்ஸ் என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர் கடைசிக் காலத்தில், எழுபது வயதில், போலரொய்டின் எஸ்எக்ஸ்-70 கமராவைக் கையில் எடுத்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் பிடித்தார். பெரிய கமராக்களில் பேரெடுத்த மனிதர் அவர். கமரா சின்னதென்று பார்வையைச் சின்னதாக்கவில்லை. உன் படம் 62க்கு 46 மில்லிமீற்றர்தான். அதற்குள் ஒரு முகத்தைச் சரியாக வைக்கப் பழகுவதே பெரிய பயிற்சி. பக்கெற்றில் பத்துத் தாள்தான் என்பதால், அமத்துவதற்கு முன் யோசிக்கவும் வைக்கும்.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். நம் ஊரில் இதுதான் முக்கியம். உன் பிலிம் ஐஎஸ்ஓ 800, நல்ல வேகமானது, அதாவது கொஞ்ச வெளிச்சமே அதற்குப் போதும். பத்து மணிக்குப் பிறகு கடற்கரை மணலில் வைத்து எடுத்தால் வெள்ளையெல்லாம் வெளிறிப் போகும். கடலைப் பின்னால் வைத்தால் கமரா கடலின் மினுக்கத்தை அளந்துவிட்டு முகத்தைக் கறுப்பாக்கிவிடும். நம் நிறத்துக்கு அது பெரிய அநியாயம். ஆளை விறாந்தையின் விளிம்பில், முற்றத்தைப் பார்க்க இருத்து. மணல் முற்றமென்றால் அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணுக்குக் கீழே உள்ள நிழலை நிரப்பும். அதைவிட நல்ல விளக்கு எந்த ஸ்ரூடியோவிலும் இல்லை. கரைவலைக்காரர்களை எடுக்க ஆசையென்றால் விடியப் போ. சூரியன் கடலிலிருந்து ஏறும் ஊர் இது, ஆட்கள் கிழக்கே பார்த்து நிற்கட்டும்.

பிறகு சூடு. போலரொய்ட் தாளுக்கு 13 முதல் 28 பாகை வரைதான் நல்லது என்று அந்தக் கம்பனியே சொல்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் இங்கே அந்த 28க்கு எங்கே போவது? அதைவிடச் சூட்டில் நிறம் மஞ்சளாக, சிவப்பாக இழுபடும். இன்ஸ்ராக்ஸ் 40 வரை தாங்கும், நீ அதை வாங்கியது நல்லதாகப் போயிற்று. ஆனாலும் பக்கெற்றை பஸ்ஸில் யன்னலோரம் வைக்காதே. வீட்டில் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வை, உறையவிடாதே. எடுத்தால் ஒரு மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுத்தான் உறையைக் கிழிக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துவிடும். படம் வந்ததும் உதறாதே, அது வேகமாகத் தெளிய உதறல் ஒரு உதவியும் செய்யாது.

இனிக் கண்காட்சிப் பேச்சுக்கு வருகிறேன். உன் அப்பாவின் பழைய கமராவையும் கொண்டு போ. கறுப்பு வெள்ளை ரோல் ஒன்று போட்டு, இன்ஸ்ராக்ஸ் படம் எடுத்த அதே ஆளை, அதே இடத்தில், இன்னொரு முறை பிடி. தாள் அவர்களுக்கு. நெகடிவ் உன்னிடம். அவர்களிடம் உள்ளது தொலைந்தாலும் வெளிறினாலும் பிரிண்ட் போட்டுக் கொடுக்க ஓர் இடம் இருக்க வேண்டும். அந்த இடமாக நீ இருக்கலாம்.

ரோலை என்னிடம் கொண்டு வா, இரண்டு பேருமாகக் கழுவுவோம். கறுப்பு வெள்ளையை 20 பாகையில் கழுவச் சொல்லும் புத்தகங்கள் குளிர் நாட்டில் எழுதப்பட்டவை. நம் குழாய்த் தண்ணீர் மத்தியானம் 30க்குக் கிட்ட நிற்கும். சூட்டில் டெவலப்பர் வேகமாக வேலை செய்யும், ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தால் படம் சீராக வராது. அதனால் சம அளவு தண்ணீர் கலந்து நேரத்தை நீட்டுவேன், போத்தலைச் சுற்றி ஐஸ் வைப்பேன். டெவலப்பர், படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ, கழுவும் தண்ணீர் எல்லாம் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று குளிர் ஒன்று சூடு என்றால் ஜெலட்டின் சுருங்கி வெடிப்பு விழும். ஆனால் கலர் ரோலின் சி-41 முறைக்கு 38 பாகை வேண்டும், அது நமக்குக் கைக்கெட்டும் சூடு! அந்த விஷயத்தில் திருகோணமலை கொடுத்து வைத்த ஊர்.

மாரியில் பூஞ்சணம் நெகடிவைத் தின்னும். காய்ந்த பால்மா ரின்னில் சிலிக்கா ஜெல் போட்டு இறுக்கி மூடி வை. கவரில் பேரையும் ஊரையும் திகதியையும் பென்சிலால் எழுது, மை ஈரத்தில் கரையும்.

மண்டபத்தில் தொங்கவிட இந்த நெகடிவ்களிலிருந்து பெரிய பிரிண்ட் போடலாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடு. திறக்கும் நாளில் அவர்களையே கூப்பிடு. தங்கள் தாளைக் கொண்டுவந்து அங்கே வைக்க விரும்புகிறவர்கள் வைக்கட்டும், முடிந்ததும் எடுத்துக்கொண்டு போகட்டும். வராதவர்களின் இடம் வெறுமையாக இருந்தால் இருக்கட்டும், அதை நிரப்பப் பார்க்காதே. மூதூரிலிருந்து பஸ்ஸுக்கு ஆகும் செலவை நான் தருகிறேன்.

வரும்போது பெற்றோல் செட்டில் பற்றரிக்கு ஊற்றும் வடிநீர் இரண்டு போத்தல் வாங்கி வா, அசிட் கலக்காததாகப் பார்த்து. எங்கள் கிணறு உவர், கடைசி அலசலுக்கு ஆகாது.

அன்புடன்,
மாமா