இனிஷியலுக்கு விலை 6,340 ரூபாய்

ஐயா, வணக்கம்.

ஞாயிறு இதழில் விமானப் பயணம் பற்றிய கட்டுரையில், "டிக்கெட் எடுக்கும்போது பயணிகள் கொஞ்சம் கவனமாக இருந்தால் பாதிப் புகார்கள் வராது" என்று எழுதியிருந்தார் உங்கள் கட்டுரையாளர். அவருக்கு இனிஷியல் இல்லை போலிருக்கிறது. கொடுத்து வைத்தவர்.

மகள் பிரசவத்துக்காகப் புனே போக, விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே டிக்கெட் எடுத்தேன். என் ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒரே எழுத்து. குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் அதைப் போட்டால் சிவப்புக் கோடு வருகிறது. "உங்க அப்பா பேரை முழுசா போட்டுடலாம் மாமா" என்றான் பக்கத்து வீட்டுப் பையன். போட்டோம். பணம் போனது. வந்த டிக்கெட்டில் அப்பா பெயர் இரண்டு தடவை இருந்தது; என் பெயரைக் காணோம். 1991இல் காலமானவருக்கு ஜன்னல் ஓர இருக்கை!

அன்றிரவே போன் செய்தேன். நாற்பது நிமிடம் சங்கீதம் கேட்ட பிறகு, "நீங்கதான் அப்படி அடிச்சிருப்பீங்க. இது திருத்தம் இல்லை, பெயர் மாற்றம். ரத்து செய்துவிட்டு புதுசா எடுங்க" என்றார் ஒரு பெண். நிறுவனத்தின் தளத்தில் எடுத்த டிக்கெட்டில் பிழையை 24 மணி நேரத்துக்குள் சொன்னால், அதே ஆளின் பெயரைக் கட்டணமின்றித் திருத்த வேண்டும் என்பது விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. அதைப் படித்தே காட்டினேன். "சிஸ்டம் எடுக்காது சார்." ரத்துக் கட்டணமும் புது டிக்கெட்டின் கூடுதல் விலையும் சேர்ந்து 6,340 ரூபாய். மூன்று புகார்க் கடிதங்களுக்குப் பிறகு 500 ரூபாய்க்குக் கூப்பன் அனுப்பினார்கள், ஆறு மாதத்துக்குள் மறுபடி பறந்தால் கழித்துக்கொள்வார்களாம். நான் பறந்ததே வாழ்நாளில் இரண்டு முறை.

இந்த இனிஷியல் தொல்லை இன்று நேற்றா? வங்கியில் முன்னால், ஆதாரில் பின்னால், பான் கார்டில் அப்பாவின் முழுப் பெயரோடு. ஓய்வூதியத்துக்கு ஆயுள் சான்று கொடுக்கப் போனால், நான் உயிரோடு இருப்பதைவிட எழுத்து ஒத்துப்போவதுதான் அவர்களுக்கு முக்கியம். விமானத்துக்கோ, கடலூரிலிருந்து நடுராத்திரி பஸ் ஏறி மீனம்பாக்கம் போக வேண்டும். பக்கத்தில் புதுச்சேரி லாஸ்பேட்டைக்கு விமானம் வரும், நிற்கும், மறுபடி வரும். அதை நம்பிப் பிரசவத்துக்குக் கிளம்ப முடியுமா? இதிலெல்லாம் எங்கள் கவனக்குறைவு எங்கே இருக்கிறது என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. அந்த முழுப்பக்கக் கட்டுரையில் இதற்கு இடமில்லாமல் போய்விட்டது. தாங்கள் அறியாததல்ல. அடுத்த ஞாயிறு ஒரு சின்னக் கட்டம் கட்டி, அந்த 24 மணி நேர விதியையும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணையும் போட்டால் போதும்.

அப்புறம், என் இனிஷியல் 'ரா'. போன கடிதத்தில் 'கா' என்று அச்சாகியிருந்தது.

– ரா.கோ., மஞ்சக்குப்பம், கடலூர்