பட்டாளத்து மாமாவின் பதக்கம்

அன்புள்ள மகனுக்கு,

என் தாய்மாமா 1971ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போரில் எத்தனை பேரைச் சுட்டார் என்று உன் மகள் கேட்பதாக எழுதியிருந்தாய். அவளுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். மாமா அந்தப் போரில் துப்பாக்கி ஏந்தியதைவிட, கையில் ஓர் இரும்புக் கம்பியோடு தரையில் ஊர்ந்ததே அதிகம்.

அவர் பெங்களூர் அல்சூரில் பயிற்சி பெற்ற, இராணுவப் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் படைவீரர். டிசம்பர் 15ஆம் தேதி இரவு, பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடிகள் புதைத்த நிலத்தின் ஊடே டாங்கிகளுக்கு வழி திறக்கும் பொறுப்பு அவர்களுடையது. கம்பியை நேராகக் குத்தாமல் சாய்த்துச் செலுத்தினால்தான் முனை வெடியின் மேற்பகுதியை அழுத்தாமல் பக்கவாட்டில் தொடும் என்பார் மாமா. கன்று நடக் குழி தோண்டும்போதுகூட முதலில் கடப்பாரையைச் சாய்த்துத்தான் இறக்குவார். வேலை பாதியில் இருக்கும்போதே எதிரி டாங்கிகள் நெருங்குவதாகச் செய்தி வர, நம் பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டாங்கிகள் மிச்ச நிலத்தைத் துணிந்து கடந்தன. மறுநாள் அந்தப் படையின் அருண் கேத்தர்பால் தம் 21ஆவது வயதில் வீழ்ந்து பரம்வீர் சக்ரா பெற்றார். அந்தப் பிள்ளையை நாடு கொண்டாடுவது நியாயமே. ஆயினும், அவருக்கு முன்னால் இருட்டில் மண்ணைத் தடவிச் சென்றவர்களைப் பற்றி ஒருவரும் விசாரிப்பதில்லையே என்ற மனத்தாங்கல் எனக்கு உண்டு. மாமாவுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

டிசம்பர் 17ஆம் தேதி சண்டை நின்றதும், தம்பி பிழைத்துவிட்டான் என்று உன் பாட்டி மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டார். மாமாவின் ஆபத்தோ முடிந்திருக்கவில்லை. புதைத்த வெடிகளை எடுத்தால்தான் உழவர்கள் ஏர் பூட்ட முடியும் என்பதால், அதன் பிறகும் பல மாதங்கள் அவர் அதே கம்பியோடு வயல்களில் இருந்தார். கூட வேலை செய்த ஒருவர் கால் இழந்தது அந்த நாட்களில்தான். போரைப் பற்றிக் கேட்டால் மாமா பேசியதெல்லாம் அந்த வயல்களைப் பற்றித்தான். அவர் மனத்தில் போர் என்பது அதுவாகவே இருந்தது என்று நினைக்கிறேன்.

நீ படத்தில் பார்த்த நட்சத்திரப் பதக்கம், மேற்கு முனையில் பணியாற்றியவர்களுக்கு வழங்கப்பட்ட பஷ்சிமி ஸ்டார். பள்ளியில் பேசும்போது குழந்தை அதைக் காட்ட விரும்பினால் சொல். அத்தையிடம் கேட்டு, அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் சேர்த்துத் தெளிவாகப் படமெடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா