முன்சக்கரம் இறுகினால் பேரிங்கை மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் பைக்கின் முன்சக்கரம் பத்து கிலோமீட்டர் ஓடினாலே இறுகிக்கொள்ளும், பிரேக் டிஸ்க்கில் ஒரு சொட்டு தண்ணீர் பட்டால் சுர்ரென்று ஆவி பறக்கும். இரண்டு மெக்கானிக்குகள் பேரிங்கையும் பிரேக் பேடையும் மாற்றிக் காசு வாங்கியதுதான் மிச்சம். மூன்றாமவர் சக்கரம் இறுகியிருக்கும்போதே, காலிபரில் (டிஸ்க்கைப் பிரேக் பேடால் கவ்விப் பிடிக்கும் பாகம்) இருக்கும் ப்ளீடர் நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியேற்றும் திருகை, லேசாகத் தளர்த்தினார். உள்ளே அழுத்தத்தோடு சிக்கியிருந்த பிரேக் ஆயில் பீய்ச்சியது, சக்கரம் உடனே சுற்றியது. அப்படிச் சக்கரம் விடுபட்டால் கோளாறு மேலே, அதாவது பிரேக் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் ஊசித்துளையிலோ ஹோஸிலோ அடைப்பு. விடுபடாவிட்டால் பேடைத் தள்ளும் காலிபர் பிஸ்டனோ, காலிபர் நகர உதவும் ஸ்லைடு பின்னோ (pin) துருப்பிடித்திருக்கும். எனக்குத் துளையில்தான் அழுக்கு, ஆயிலை மாற்றாமலே ஓட்டியதன் விளைவு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும் என்று எந்த சர்வீஸிலும் எனக்குச் சொல்லவில்லை. ஓடும்போது முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. சர்வீஸ் பில்லில் பிரேக் ஆயில் மாற்றிய தேதியையும் எழுதச் சொல்லி உங்கள் பக்கத்தில் ஒரு வரி போடுங்கள்.

- ஒரு வாசகர், மதுரை