காதலை எந்தக் காலத்தில் வைப்பது?

சுங்கை சிப்புட்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் சரித்திரக் காதல் கதையின் முதல் அத்தியாயம் கிடைத்தது. களம் ராஜேந்திர சோழன் காலத்துக் கடாரம், அதாவது இன்றைய கெடா, என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் கூடவே, "நீங்கள் ஏன் எப்போதும் ஜப்பான்காரன் காலத்தையே எழுதுகிறீர்கள், அரண்மனைக் கதையைத்தானே எல்லாரும் விரும்பிப் படிக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் பதில் சொன்னால் பேச்சு வேறு எங்கோ போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு காலத்தைக் கதைக்கு எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, அந்தக் காலம் இரண்டு பேரை எதைக் கொண்டு பிரித்து வைத்தது என்பதைத்தான். இது எனக்கு என் அப்பாயியிடமிருந்து வந்தது. தாத்தா 1941இல் தம் தகப்பனார் காரியத்துக்காகக் கப்பலேறி நாகப்பட்டினம் பக்கம் போயிருந்த நேரத்தில், டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் மலாயாவின் கிழக்குக் கரையில் கோத்தா பாருவில் இறங்கிவிட்டார்கள். கப்பல் நின்றது, கடிதம் நின்றது. போர் முடிந்து மறுபடி கப்பல் விடும்வரை அவர் உயிரோடிருக்கிறாரா என்று இவருக்குத் தெரியாது, இவர் இருக்கிறாரா என்று அவருக்குத் தெரியாது. ரப்பர் தோட்டத்து ஆண்களைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோனதும் அந்தச் சமயத்தில்தான். 1942இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் 415 கிலோமீட்டர் பாதையைப் போட்டு முடித்தார்கள். அதில் மாண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் வராமல் இருந்தார். அப்பாயி மரத்து வெட்டில் உறைந்த ரப்பர் பாலை, ஒட்டுப்பாலை, உரித்துக்கொண்டே இதையெல்லாம் எனக்குச் சொல்வார். அன்பு, ஆசை என்றெல்லாம் அவர் வாயில் வந்ததே இல்லை. "காலையில எழுந்தா பொட்டு வைக்கிறதா வேண்டாமான்னுதான் முதல் யோசனை" என்பார். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் என் முதல் தொடரையே எழுதினேன் என்றால் நீ நம்ப வேண்டும்.

1943இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்களும் என்னை விடாமல் இழுக்கிறார்கள். அதுவரை தோட்டத்துக் கணக்கரான கிராணியின் முன்னால் நிமிர்ந்து நிற்காத பெண் துப்பாக்கி பிடித்துத் திரும்பி வந்த பிறகு, அவளை மணக்கப்போகிறவன் அவளிடம் எந்தக் குரலில் பேசுவான்? இந்தக் கேள்வி தீரும்வரை நான் வேறு காலத்துக்கு நகர்வதாக இல்லை.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காலமும் உண்டு. 1948 ஜூன் 16ஆம் தேதி இங்கே வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும், முள்வேலியும் ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் வந்ததும் கதைக்கு மிக வசதியானவை. ஆனாலும் நான் தொடவில்லை. இரண்டு பக்கத்திலும் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறார்கள்.

சொந்த அனுபவம் என்றால் நடந்ததை அப்படியே எழுதுவது என்று நினைத்துவிடாதே. நான் நிரை பிடித்து ரப்பர் மரத்தில் பால் வெட்டிய நாள்களில், எத்தனை முறை சோப்புப் போட்டாலும் கையை விட்டுக் கித்தாப்பால் (ரப்பர் பால்) வாடை போகாது. கோயில் திருவிழாவில் உன் அப்பா முதன்முதலாகப் பொங்கலை இலையில் வைத்து நீட்டியபோது, கையை நீட்டக் கூசி, வாங்காமலே முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். (எனக்குப் பொங்கல் பிடிக்காது என்றுதான் அவர் இன்னமும் நம்புகிறார், நீயும் சொல்லிவிடாதே.) அந்தக் கூச்சம் எந்த நூற்றாண்டுக்கும் பொருந்தும். உன் நாயகியை இளவரசியாக வைத்திருக்கிறாய். கடாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களை அகழ்ந்து எடுத்திருக்கிறார்களே, அவளை அப்படியோர் உலைக்காரன் மகளாக்கிப் பார். கரி ஏறிய விரலோடு அவள் நாகப்பட்டினத்து வணிகனிடம் மணி வாங்க வரட்டும். மற்றதை அவளே பார்த்துக்கொள்வாள்.

"அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று ராஜேந்திரன் மெய்க்கீர்த்தி, அவன் வெற்றிகளைச் சொல்லும் கல்வெட்டுப் பாட்டு, கடாரத்தைப் பாடுகிறது. வென்ற ஊர்களையும் கைப்பற்றிய தோரணத்தையும் அது பட்டியல் போடும், கரையில் யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்பது மட்டும் அதில் இராது. அந்த இடம்தான் உனக்கு. தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த கப்பல்காரன் வடகிழக்குக் காற்று எழும்வரை ஊர் திரும்ப முடியாது. மாதக்கணக்கில் அவன் மெர்போக் ஆற்றங்கரையில் தங்கியே ஆக வேண்டும். காற்று மாறியதும் போயே ஆக வேண்டும். காதலுக்கு இதைவிட நல்ல தடை எந்த அரண்மனையில் கிடைக்கும்? 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைக்கூட நீ பின்னால் தள்ளி வைக்கலாம். ஜெராய் மலையடிவாரத்துப் புக்கிட் பத்து பகாட் கோயிலை 1936, 37இல் தொல்லியல் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் தம் மனைவி டோரத்தியோடு சேர்ந்து அகழ்ந்தார் என்று படித்தபோது, காட்டுக்குள் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த அந்த இருவரைப் பற்றியே ஒரு கதை எழுதலாமா என்று எனக்குத் தோன்றியது. உனக்கு வேண்டுமானால் அதையும் எடுத்துக்கொள்.

முதல் அத்தியாயத்தில் மூன்றை மாற்று. நாயகி மிளகாய் அரைக்கிறாள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, போர்ச்சுக்கீசியர் வந்த பிறகே நம் அம்மிக்கு வந்தது, ஆகவே மிளகை நுணுக்கச் சொல். நாயகன் கித்தா மர நிழலில் படுக்கிறான்; மலாயாவில் கித்தாக் கன்று நட்டது 1877இல்தான், அதுவும் நம் பக்கத்துக் கோலகங்சாரில். அவனைப் புளிய மரத்தடிக்கோ ஆற்றங்கரைக்கோ அனுப்பிவிடு. மூன்றாவதாக, அவன் கப்பல் ஜனவரியில் வந்து சேருகிறது. அது திரும்பிப் போகும் காலம். ஜூலையில் கரை சேர்த்தால் அவர்களுக்கு நாலைந்து மாதம் கிடைக்கும், உனக்கும் பத்து அத்தியாயம் கிடைக்கும். இதை முடிவு செய்துகொண்டு இரண்டாம் அத்தியாயத்தை அனுப்பு. தீபாவளிக்கு நீ வரும்போது மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போக அப்பாவிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா