பிடி அரிசி

அன்பு மக்கா (அதாவது, கனம் போதகர் ஐயர் அவர்களுக்கு),

ஸ்தோத்திரம். ஏழு மாசமா ஒரு வரி எழுதல, தப்புதான். முழங்கால் வலி அப்படியே இருக்கு, சுகர் அடங்கியிருக்கு, நெட்டையன் அந்த எண்பது ரூபாயை இன்னும் தரல. விசாரிப்பு முடிஞ்சது.

ரிட்டயரான வாத்தியார் சும்மா இருக்கக்கூடாதுன்னு சேகரக் கமிட்டியில (நம்ம வட்டாரச் சபைக் கமிட்டிதான்) உதவி ஊழியத்தை என் தலையில கட்டிட்டாங்க. மாசத்துல முதல் ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் பதினெட்டு விதவைகளுக்கு ஆளுக்கு அஞ்சு கிலோ அரிசி. பின்னால பேனர்: 'வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்.' வாங்குறவங்க அதுக்குக் கீழ நின்னு போட்டோ எடுத்துக்கணும். அந்த வசனத்தைப் போடச் சொன்ன மகராசன் யாருன்னு கேக்காதே. நான்தான்.

போன மாசம் ஒரு பாட்டி வரல. மத்தியானம் பையை ஸ்கூட்டர்ல வெச்சு வீட்டுக்கே கொண்டுபோனேன். கண்ணு மங்கிப்போச்சு, குரலை வெச்சே கண்டுபிடிச்சுட்டாங்க. "சார்வாளா, இருங்க"ன்னு கருப்பட்டிக் காப்பி போட்டாங்க. அப்புறம் பையைப் பிரிச்சு, முதல் வேலையா ஒரு பிடி அள்ளி மூலையில இருந்த மண்சட்டியில போட்டாங்க.

பிடி அரிசி, மக்கா! எங்க அம்மா உலை வெக்கும்போதெல்லாம் மிஷனரிக் காணிக்கைக்குன்னு போடுவாளே, அதேதான். ஞாயித்துக்கிழமை சட்டியைக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போறது நான். வழியில ஒரு வாய் போட்டு மென்னதை உங்கிட்ட மட்டும்தான் பாவ அறிக்கை செஞ்சேன்.

ஆக, நாங்க பேனர் கட்டிக் குடுத்த அரிசியில ஒரு பங்கு மாசாமாசம் கோயிலுக்கே திரும்பி வந்திருக்கு. கதை அதோட முடியல. காணிக்கை அரிசியை நாங்க ஏலம் விடுவோம்லா? ரெண்டு தடவை சல்லிசா ஏலத்துல எடுத்து பொங்கித் தின்னவன் நான். வேதத்துல, இருந்ததை எல்லாம் காணிக்கையாப் போட்டாளே, அந்த 'ஏழை விதவையின் இரண்டு காசு'ன்னு நீ இதுக்குள்ள தொண்டையைச் செருமியிருப்பே. நிறுத்து. அந்தக் காசை எடுத்துச் சாப்பிட்டவனைப் பத்தி அங்க ஒண்ணும் எழுதல.

"அரிசி எங்க போகுதுன்னு தெரியுமா பாட்டி?"ன்னு கேட்டேன். "தோர்ணக்கல்லுக்கு"ன்னாங்க, பக்கத்துத் தெரு மாதிரி. 1903-ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சு, தோர்ணக்கல் இருக்கிற ஐதராபாத் நிஜாம் சீமைக்கு ஆள் அனுப்பினது அவங்க கணக்குல இன்னும் நடந்துக்கிட்டே இருக்கு.

அதுல எனக்கு, அந்தச் சங்கத்தை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான அசரியா ஞாபகம் வந்துட்டார். வெள்ளாளன்விளைக்காரர், 1910-ல எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டுல அத்தனை வெள்ளைக்கார மிஷனரிகள் முன்னால எழும்பிப் பேசினாரே: உங்க ஆஸ்தியை எல்லாம் அன்னதானம் பண்ணினீங்க, சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீங்க, அன்பையும் கேக்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். துரைமார் பலருக்கு முகம் சுருங்கிப்போச்சு. ரெண்டு வருஷத்துல அவரையே அத்தியட்சரா, அதான் பிஷப்பா, அபிஷேகம் பண்ணினாங்க, அது வேற கதை. காலேஜ்ல நீ மேஜை மேல ஏறி இதை நடிச்சுக் காட்டுவே, நாங்க கைதட்டுவோம். இத்தனை வருஷமா அந்தக் கதையில நம்மளை அசரியாவாவே நெனச்சுக்கிட்டோம். பாட்டி வீட்டுத் திண்ணையிலதான் உறைச்சுது, நான் துரை. மூணு வருஷமா அரிசி குடுக்கேன், அன்னைக்குத்தான் அந்த வீட்டுல முதல்முதலா உக்காந்தேன்.

கமிட்டியில சொன்னேன்: பேனர் வேண்டாம், வரிசை வேண்டாம், ஆளுக்கு ரெண்டு வீடு பிரிச்சுக்கிடுவோம், போனா காப்பி குடிச்சிட்டுத்தான் வரணும். ஒரே கூச்சல். போட்டோ போகலைன்னா வெளிநாட்டுல இருக்கிற நம்ம பிள்ளைங்க பணம் அனுப்ப மாட்டாங்கங்கிறாங்க. அது முழுப்பொய்யும் இல்ல, மக்கா. அதான் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. என் மனசாட்சி சுத்தமாகி, பதினெட்டு உலையில ரெண்டு கொதிக்காமப் போனா யாரு பதில் சொல்றது? முப்பது வருஷம் சேகரம் பார்த்தவன் நீ. பிரசங்கம் வேண்டாம், என்ன செய்யணும்னு மட்டும் எழுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள.

நாளைக்குப் பாட்டி வீட்டுக்குப் போறேன். சட்டி நிறைஞ்சிடுச்சாம், நான்தான் தூக்கிட்டுப் போகணுமாம். "வழியில தின்னுறாதீங்க சார்வாள்"னு சொல்லி அனுப்பியிருக்காங்க.

அது அவங்களுக்கு எப்படிலே தெரிஞ்சது, ஐயரே?

உன்
சார்வாள்